ஈரமண்ணில் நின்றும் வாடிய மிளகாய்ச் செடிகள்

மாணவர்களே, இந்த வாரப் பாடம் நான் செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறது.

எங்கள் பள்ளி அறிவியல் கழகத்தினர் 24 பாலிபேக்குகளில் மிளகாய்ச் செடி வளர்த்தார்கள். காய்த்ததும் ஆசிரியர்களுக்கும் சிற்றுண்டிச்சாலைக்கும் விற்று, அந்தப் பணத்தில் பழுதாகிக் கிடந்த நுண்ணோக்கி ஒன்றைச் சரிசெய்வது என்பது திட்டம். செடிகள் மூன்று வரிசை, வரிசைக்கு எட்டு. பூ விடத் தொடங்கிய நேரத்தில் ஒரு வார விடுமுறை வந்தது. தண்ணீர் இல்லாமல் போய்விடுமே என்று பயந்து, முதல் வரிசைச் செடிகளுக்கு அடியில் பழைய பிளாஸ்டிக் பேசின்களை நானே வைத்தேன். எட்டுப் பேசின்கள்தான் இருந்தன. மற்ற இரண்டு வரிசைகளையும் நடைபாதைக் கூரைக்குக் கீழே நகர்த்தி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

பள்ளி திறந்த அன்று காலையில் 24 செடிகளும் தலை தொங்கி நின்றன. "டீச்சர், ஒரு வாரமா யாரும் தண்ணி ஊத்தல" என்றான் நான்காம் படிவ மாணவன் ஒருவன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. "எல்லாவற்றுக்கும் அரை அரை மக்கு ஊற்றுங்கள்" என்றேன். ஓய்வு நேர மணி அடிப்பதற்குள் மூன்றாம் வரிசை நிமிர்ந்துவிட்டது. மற்ற இரண்டும் அப்படியே நின்றன. மறுநாளும் ஊற்றச் சொன்னேன். மூன்றாம் நாள் முதல் வரிசையில் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. பக்கத்தில் போனால் சாக்கடை நாற்றம் அடித்தது. அதன் பிறகுதான் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

முதல் வரிசையில் மண் சேறாக இருந்தது. பேசின்களில் மழைநீர் விளிம்புவரை நின்றது. இரண்டாம் வரிசையில் மண் ஈரமாகத்தான் இருந்தது. ஆனால் மேலே பச்சை நிற உர மணிகள் கொட்டிக் கிடந்தன. விசாரித்தபோது ஒரு மாணவி தயங்கித் தயங்கி முன்னால் வந்தாள். விடுமுறையில் கவனிக்காமல் விட்டதற்கு ஈடாக, பள்ளி திறப்பதற்கு முதல் நாள் மாலையில் வந்து, செடிக்கு ஒரு கைப்பிடி உரம் போட்டிருக்கிறாள். ஒரு தேக்கரண்டியே போதுமான இடத்தில் ஒரு கைப்பிடி.

ஆக, ஒரு வரிசைக்குத் தண்ணீர் குறைவு, ஒன்றுக்குத் தண்ணீர் அதிகம், ஒன்றுக்கு உரம் அதிகம். மூன்றும் வெளியே காட்டிய அறிகுறி ஒன்றே. காய்ச்சல் என்று வந்தால் டெங்கியா சளியா என்று மருத்துவர் கேட்பார் அல்லவா? நான் கேட்கவில்லை. இந்த மூன்று வரிசைகளையும் வைத்தே வேர் எப்படி நீரை எடுக்கிறது என்பதைப் பார்ப்போம்.

செடி நிமிர்ந்து நிற்பது எதனால்?

மரத்துக்குக் கட்டை உண்டு. இளம் மிளகாய்ச் செடியின் இலைக்கும் நுனித்தண்டுக்கும் அப்படிப்பட்ட கட்டை இல்லை. அவற்றை நிமிர்த்தி வைத்திருப்பது தண்ணீர்தான். ஒவ்வொரு உயிரணுவிலும் நீர் நிறைந்து, உள்ளிருந்து சுவரைத் தள்ளுகிறது. இதை விறைப்பழுத்தம் என்கிறோம். காற்றடித்த சைக்கிள் டியூப்பை நினைத்துக்கொள்ளுங்கள். காற்று இறங்கினால் டியூப் துவண்டுவிடும். நீர் இறங்கினால் இலை துவண்டுவிடும். இலையிலிருந்து வெளியேறும் நீரின் அளவு வேர் அனுப்பும் அளவைவிட அதிகமானால் செடி வாடும். ஏன் வேர் அனுப்பவில்லை என்பதை வாடிய இலை சொல்லாது. அதை மண்ணில்தான் தேட வேண்டும்.

வேரில் எந்த இடத்தில் நீர் நுழைகிறது?

வேர் முழுவதும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. தடித்துப் பழுப்பான பழைய வேர்களின் முக்கிய வேலை செடியைப் பிடித்து நிறுத்துவதும், வந்த நீரைக் கடத்துவதும்தான். நீர் அதிகமாக நுழைவது வேர்நுனிக்குச் சற்று மேலே உள்ள இளம் பகுதியில். அங்கேதான் வேர்த்தூவிகள் இருக்கின்றன. மலாய்ப் பாடநூலில் இதை 'ரம்புட் அக்கார்' என்று படித்திருப்பீர்கள், அதாவது வேரின் முடி. ரம்புத்தான் பழத்தின் பெயரில் இருப்பதும் இதே முடிதான்.

ஒரு வேர்த்தூவி என்பது தனி உறுப்பு அன்று. வேரின் மேல்தோலில் உள்ள ஒரே ஓர் உயிரணு வெளிப்பக்கமாக நீண்டு வளர்ந்த பகுதி அது. பருமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவே. மண் துகள்களுக்கு நடுவில் உள்ள மிகச் சிறிய இடுக்குகளிலும் அது நுழைந்து, அங்கே ஒட்டியிருக்கும் நீர்ப்படலத்தைத் தொட்டுவிடும்.

எத்தனை இருக்கும்? 1937இல் ஹோவர்ட் டிட்மர் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் ஒரே ஒரு ரை தானியச் செடியை நான்கு மாதம் பெட்டியில் வளர்த்து, மண்ணைக் கழுவி, வேர்களை அளந்து கணக்கிட்டார். பெட்டியின் நீள அகலம் சுமார் 30 செ.மீ., ஆழம் சுமார் 56 செ.மீ. வேர்களின் மொத்த நீளம் 600 கிலோமீட்டருக்கும் மேல்! கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போய்த் திரும்பும் தூரத்தை நெருங்குகிறது. வேர்த்தூவிகள் சுமார் 1,400 கோடி. அவற்றை வரிசையாக வைத்தால் 10,000 கிலோமீட்டரைத் தாண்டும். இவ்வளவும் ஒரு பெட்டி மண்ணுக்குள்.

இந்தத் தூவிகள் மிகவும் மென்மையானவை. சில நாள்களோ சில வாரங்களோதான் உயிரோடு இருக்கும். பழையவை உதிர உதிர, நுனி முன்னேறும் இடத்தில் புதியவை வரும். நாற்றைப் பிடுங்கி நடும்போது இவற்றில் பெரும்பகுதி அறுந்து மண்ணோடு போய்விடுகிறது. அதனால்தான் புதிதாக நட்ட செடி, எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும், முதல் இரண்டு நாள் வாடி நிற்கிறது. மண்ணோடு சேர்த்து எடுத்து நடுங்கள் என்று தோட்டக்காரர் சொல்வது இதற்காகத்தான்.

'உறிஞ்சுகிறது' என்னும் சொல்

வேர் நீரை உறிஞ்சுகிறது என்றுதான் தமிழ்ப்பள்ளியில் படித்தோம். தவறில்லை. ஆனால் அந்தச் சொல், வேர் ஏதோ ஸ்ட்ரா வைத்து இழுப்பது போன்ற படத்தை மனத்தில் போட்டுவிடுகிறது. உண்மையில் நீர் தன் வழியே நகர்கிறது. வேர் அதற்கான நிலைமையை ஏற்படுத்தி வைக்கிறது.

வேர்த்தூவியின் உள்ளே சர்க்கரையும் தாது உப்புகளும் கரைந்துள்ளன. வெளியே மண்நீரில் கரைந்தவை மிகக் குறைவு. நடுவில் இருப்பது உயிரணுச் சவ்வு. நீர் மூலக்கூறுகளை அது எளிதில் விடும். கரைந்த பொருள்களை அப்படி விடாது. கரைபொருள் குறைந்த பக்கத்திலிருந்து கரைபொருள் மிகுந்த பக்கத்துக்கு நீர் நகரும். இதுவே சவ்வூடு பரவல், உங்கள் நூலில் 'ஒஸ்மோசிஸ்'.

தேர்வுத்தாள் திருத்தும்போது நான் அடிக்கடி பார்க்கும் பிழை ஒன்று உண்டு. 'அதிகச் செறிவிலிருந்து குறைந்த செறிவுக்கு நீர் செல்கிறது' என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். எதன் செறிவு? கரைசலின் செறிவு என்று பொருள் கொண்டால் விடை நேர் எதிராகிவிடும். 'நீரழுத்தத் திறன் அதிகமுள்ள இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு' என்று எழுதுங்கள். அல்லது 'நீர்த்த கரைசலிலிருந்து அடர்ந்த கரைசலுக்கு' என்று எழுதுங்கள். குழப்பம் வராது.

இன்னொன்று. நீர் நகர்வதற்கு உயிரணு நேரடியாக ஆற்றல் செலவிடுவதில்லை. ஆனால் உள்ளே உப்புகளைச் சேர்த்து வைத்திருக்கிறதே, அதற்கு ஆற்றல் வேண்டும். மண்ணில் அரிதாக இருக்கும் நைட்ரேட், பொட்டாசியம் போன்றவற்றை ஏற்கெனவே நிறைந்திருக்கும் உள்பக்கத்துக்கு இழுப்பது, மேட்டில் வண்டி தள்ளுவது போன்றது. அது உயிர்ப்புக் கடத்தல். அதற்கான ஆற்றல் வேரின் சுவாசத்திலிருந்து வருகிறது. சுவாசத்துக்கு ஆக்சிஜன் தேவை. இதை நினைவில் வையுங்கள், முதல் வரிசைக்கு வரும்போது தேவைப்படும்.

உள்ளே நுழைந்த நீர் வேரின் புறணிப் பகுதியைக் கடக்க இரண்டு வகை வழிகள் உள்ளன. ஒன்று, உயிரணுக்களுக்குள்ளேயே புகுந்து, ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போவது. மற்றொன்று, உள்ளே நுழையாமல் உயிரணுச் சுவர்கள் வழியாகவே போவது. அடுக்குமாடியில் யார் வீட்டுக்குள்ளும் நுழையாமல் நடைபாதையிலேயே கடைசிவரை நடப்பது போல. ஆனால் அகத்தோல் என்ற வளையத்துக்கு வந்ததும் இரண்டாம் வழி அடைபடுகிறது. அங்கே ஒவ்வோர் உயிரணுவின் சுவரிலும் நீர் புகாத பட்டை ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அதை விவரித்த ராபர்ட் காஸ்பாரி என்ற ஜெர்மன் தாவரவியலாளர் பெயரில் காஸ்பாரியன் பட்டை என்கிறோம். ஜொகூர் பாலத்தில் பேருந்திலேயே உட்கார்ந்திருக்க முடியாது. எல்லாரும் இறங்கிக் குடிநுழைவு முகப்பு வழியாகத்தான் போக வேண்டும். அதே போல, நீரும் அதில் கரைந்து வந்தவையும் இங்கே ஒரு சவ்வைக் கடந்தே தீர வேண்டும். எதை உள்ளே விடுவது என்று அந்தச் சவ்வு சோதித்த பிறகே சைலக் குழாய்களுக்கு வழி.

சவ்வில் நீருக்கென்றே தனி வாசல்கள் உள்ளன. அக்குவாபோரின் என்ற புரதங்கள் அவை. மனித இரத்தச் சிவப்பணுக்களில் இவற்றைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரே 2003இல் வேதியியல் நோபல் பரிசை மற்றோர் அறிவியலாளருடன் பகிர்ந்துகொண்டார். ஒரு வாசல் வழியாக ஒரு வினாடியில் ஏறத்தாழ 300 கோடி நீர் மூலக்கூறுகள் கடக்கலாம். தாவர வேர்களிலும் இவை ஏராளம்.

இரண்டாம் வரிசை: உரம் செய்தது

இனி அந்த மாணவியின் செடிகளுக்கு வருவோம். கைப்பிடி உரத்தின் மேல் நாங்கள் அரை மக்குத் தண்ணீர் ஊற்றினோம். அந்த நீரில் உரம் கரைந்து, வேரைச் சுற்றி அடர்த்தியான உப்புக் கரைசல் உண்டானது. இப்போது வெளிப்பக்கம் அடர்த்தி கூடுதல், உள்பக்கம் குறைவு. நீர் எந்தப் பக்கம் நகரும்? வேரிலிருந்து மண்ணுக்கு! வெள்ளரித் துண்டில் உப்புத் தூவினால் பத்து நிமிடத்தில் தட்டில் நீர் நிற்கிறதே, அதேதான். அந்தச் செடிகள் ஈரமண்ணில் நின்றபடியே வறண்டுகொண்டிருந்தன.

அரை மக்கு ஊற்றியது உரத்தைக் கரைக்கத்தான் உதவியது. செய்ய வேண்டியது வேறு. மேலே கிடந்த மணிகளை அள்ளி எடுத்துவிட்டு, பாலிபேக்கின் அடித்துளைகள் வழியாக நீர் ஓடி வடியும்படி நிறைய ஊற்ற வேண்டும். கரைந்த உப்பு அந்த நீரோடு வெளியேறிவிடும். மூன்று முறை அப்படிச் செய்தோம், ஒவ்வொரு முறையும் முழுக்க வடியவிட்டு. நான்கு நாளில் எட்டில் ஆறு செடிகள் தேறின. இலை ஓரங்கள் மட்டும் கருகியே இருந்தன.

அப்படியானால் கடல்நீரில் நிற்கும் பாக்காவ் மரங்கள் எப்படிப் பிழைக்கின்றன என்று கேட்கத் தோன்றும். கேட்க வேண்டிய கேள்விதான். பேராக் மாநிலத்தின் மாத்தாங் சதுப்புநிலக் காடு சுமார் 40,000 ஹெக்டர். அங்குள்ள மரங்களின் வேரைச் சுற்றி இருப்பது, எங்கள் இரண்டாம் வரிசையில் இருந்தது போல, உப்புக் கரைசல். அதிலிருந்து நன்னீரைப் பிரிக்க ஏறக்குறைய 25 வளிமண்டல அழுத்தத்துக்கு ஈடான இழுவிசை வேண்டும். 1965இல் பெர் ஸ்கோலாண்டர் என்பவரும் அவருடைய குழுவினரும் ஒரு கருவி கொண்டு அளந்தபோது, இம்மரங்களின் சைலத்தில் அதைவிட வலுவான இழுவிசை இருந்தது. உள்ளே இழுக்கப்படும் நீரிலிருந்து பெரும்பகுதி உப்பை வேரே வடிகட்டி நிறுத்திவிடுகிறது. அப்பி-அப்பி மரம் உள்ளே வந்துவிட்ட உப்பை இலை வழியாக வெளியே தள்ளும். அதன் இலையை நக்கிப் பார்த்தால் கரிக்கும். மிளகாய்ச் செடிக்கு இந்த ஏற்பாடுகள் எதுவும் இல்லை.

முதல் வரிசை: தண்ணீர் செய்தது

எனக்கு மிகவும் வருத்தம் தந்தது இந்த வரிசைதான். பேசின் வைத்தது நான்.

நல்ல மண்ணில் துகள்களுக்கு நடுவே காற்று இருக்கிறது. பேசினில் நீர் நின்றால் அந்த இடுக்குகள் எல்லாம் நீரால் நிரம்பும். காற்றில் பரவுவதைப் போல நீரில் ஆக்சிஜன் பரவுவதில்லை. அங்கே அது ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. இருந்த ஆக்சிஜனை வேரும் மண்ணின் நுண்ணுயிர்களும் விரைவில் தீர்த்துவிடும். வேரின் சுவாசம் தடைபடும். உப்புகளை உள்ளே இழுக்க ஆற்றல் இராது. இதுவரை பாடநூலிலேயே உள்ளது.

இதற்கு மேலும் ஒன்று நடக்கிறது. 2003இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு இது. ஆக்சிஜன் கிடைக்காத வேரின் உயிரணுக்களில் அமிலத்தன்மை கூடுகிறது. அமிலம் கூடியதும் சற்று முன் சொன்ன அக்குவாபோரின் வாசல்கள் மூடிக்கொள்கின்றன. அதாவது சுற்றிலும் வெள்ளம் நிற்கும்போது வேர் தன் நீர்க்கதவைச் சாத்திவிடுகிறது. மேலே இலைகள் வெயிலில் நீரை இழந்துகொண்டே இருக்கின்றன. வாடாமல் என்ன செய்யும்? வாடியதைப் பார்த்து நான் மேலும் தண்ணீர் ஊற்றச் சொன்னேன்.

சில நாள் இப்படியே விட்டால் வேர் சாகத் தொடங்கும். நீரில் வாழும் பூஞ்சை போன்ற நுண்ணுயிர்கள் அதை அழுகச் செய்யும். ஒரு பாலிபேக்கை வெட்டிப் பார்த்தோம். ஆரோக்கியமான வேர் வெள்ளையாக, உறுதியாக இருக்கும். இது பழுப்பாகி, விரலால் இழுத்தால் தோல் உறை போல் கழன்று வந்தது. நாற்றம் அங்கிருந்துதான்.

"நெல் மட்டும் தண்ணியிலயே நிக்குதே டீச்சர்?" என்று உடனே கேட்டாள் சிகிஞ்சானில் சித்தி வீடு உள்ள ஒரு மாணவி. நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்றறைத் திசு என்ற வெற்றிடக் குழாய்கள் உள்ளன. இலைப்பக்கத்து ஆக்சிஜன் அவற்றின் வழியாக வேர்நுனிவரை இறங்குகிறது. மூழ்கிய நீச்சல்காரருக்கு வாயில் குழாய் வைத்தது போல.

மேலே இழுப்பது எது?

வேர் வரை வந்துவிட்டோம். நீர் இலைக்கு எப்படி ஏறுகிறது?

வேருக்கென்று சிறிது தள்ளும் விசை உண்டு. வேரழுத்தம் என்பது அது. காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது, சந்தையில் கெலாடி என்று சொல்லும் சேம்பின் இலையைப் பாருங்கள். நுனியில் மட்டும் ஒரு துளி நிற்கும். பனித்துளி என்றால் இலை முழுவதும் பரவியிருக்கும். நுனியில் மட்டும் நிற்பது, இரவில் வேர் தள்ளிய நீர். இலைத்துளைகள் மூடியிருப்பதால் வழக்கமான வழியில் ஆவியாகாமல், ஓரத் துளைகள் வழியாகச் சொட்டுகிறது.

ஆனால் பகலில் இந்தத் தள்ளுதல் போதாது. சபாவின் டானும் பள்ளத்தாக்கில் 'மெனாரா' என்று பெயரிட்ட மஞ்சள் மெராந்தி மரம் ஒன்று உள்ளது. 2019 ஜனவரியில் உச்சிக்கே ஏறி அளந்தபோது உயரம் 100.8 மீட்டர். எந்த உறிஞ்சு பம்பாலும் நீரைச் சுமார் 10 மீட்டருக்கு மேல் இழுக்க முடியாது. அதைப் போலப் பத்து மடங்கு உயரத்துக்கு இந்த மரம் நாள்தோறும் நீரேற்றுகிறது, ஓசையே இல்லாமல்.

இலைத்துளைகள் வழியாக நீர் ஆவியாகும்போது, இலை உயிரணுச் சுவர்களில் உள்ள நீர்ப்படலம் பின்வாங்கி, தனக்குப் பின்னால் உள்ள நீரை இழுக்கிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் தன்மை உடையவை. அதனால் அந்த இழுப்பு சைலக் குழாய்களில் உள்ள நீர்த்தம்பம் வழியாகக் கீழே இறங்கி, வேர்வரை எட்டுகிறது. 1894இல் டப்ளினைச் சேர்ந்த ஹென்றி டிக்சனும் ஜான் ஜோலியும் முன்வைத்த விளக்கம் இது. சைலக் குழாய்கள் இறந்துபோன, உள்ளீடற்ற உயிரணுக்கள். அவை வெறும் வழி. வேலையைச் செய்வது வெயில்.

இதை முதன்முதலில் தராசு வைத்துக் கவனமாக அளந்தவர்களில் ஒருவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். தம் சோதனைகளை 1727இல் நூலாக வெளியிட்டார். தொட்டியில் இருந்த ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமுள்ள சூரியகாந்திச் செடி, 12 மணி நேரப் பகலில் சராசரியாக அரைக் கிலோவுக்குச் சற்று மேல் நீரை இழந்தது.

இப்படி ஏறும் நீரில் 95 விழுக்காட்டுக்கும் மேல் ஆவியாகப் போய்விடுகிறது. ஒளிச்சேர்க்கைக்கு நேரடியாகப் பயன்படுவது ஒரு விழுக்காட்டை எட்டுவதே அரிது. வீண்செலவு போலத் தோன்றும். ஆனால் கார்பன் டைஆக்சைடு உள்ளே வர இலைத்துளை திறந்தாக வேண்டும். திறந்தால் நீர் போகும். கடையைத் திறக்காமல் வியாபாரம் நடக்காது, திறந்தால் குளிர்சாதனக் காற்றும் வெளியே போகும். அந்த நீரோட்டத்தில்தான் தாது உப்புகள் இலைக்குப் போகின்றன என்பதும், வெயிலில் இலை சூடேறாமல் இருப்பதும் கூடுதல் பலன்.

பாட்டி ஏன் இருட்டில் வேலைக்குப் போனார்?

என் பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பொழுது விடியுமுன்பே பெரட்டுக்குப் போய்விடுவார். நெற்றியில் விளக்கு, இடுப்பில் உளி. வெயிலுக்கு முன் வேலையை முடிக்கத்தான் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் மரத்தின் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது, அது நாம் மேலே படித்த பாடமேதான்.

இரவில் இலைத்துளைகள் மூடியிருக்கும். ஆவியாதல் மிகக் குறைவு. வேரோ நீரை எடுத்துக்கொண்டே இருக்கும். பகலில் இழந்ததை எல்லாம் மரம் இரவில் நிரப்பிக்கொள்கிறது. விடியும் நேரத்தில் ஒவ்வோர் உயிரணுவும் விறைப்பாக இருக்கும். பட்டையில் உள்ள பால்குழாய்களிலும் அப்படித்தான். அந்த நேரத்தில் அவற்றுள் அழுத்தம் சுமார் 10 வளிமண்டலம். கார் டயரில் இருப்பது இரண்டு மூன்று மட்டுமே. உளி பட்டதும் பால் பாய்ந்து மங்கில் இறங்குகிறது. வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழுக்கும், பட்டையின் உயிரணுக்களும் நீரை இழக்கும், பால்குழாயின் அழுத்தம் இறங்கும். பத்து மணிக்கு வெட்டினால் அதே மரம் குறைவாகத்தான் பால் தரும். பால் வருவது சைலத்திலிருந்து அன்று, பட்டையில் உள்ள தனிக் குழாய்களிலிருந்து. இதை விடைத்தாளில் குழப்பிவிடாதீர்கள். ஆனால் இரண்டும் ஒரே மரத்தின் நீரைப் பகிர்ந்துகொள்கின்றன.

மழை பெய்த காலைகளில் பாட்டிக்கு வேலை இராது. பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டில் ஓடாமல் மரமெங்கும் வழிந்து வீணாகும். மரத்துக்கு நல்ல நாள், வீட்டில் கைச்செலவுக்குத் தட்டுப்பாடான நாள். சவ்வூடு பரவலைப் பற்றிப் பாட்டி படித்ததில்லை. ஆனால் எந்த மரத்தை எத்தனை மணிக்கு வெட்டினால் மங்கு நிறையும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

வீட்டில் செய்து பாருங்கள்

ஒரு தேக்கரண்டி கடுகு போதும். மூடியுள்ள தெளிவான பிளாஸ்டிக் டப்பாவில் நனைத்த டிஷ்யூத் தாளை விரித்து, கடுகைத் தூவி, மூடி வையுங்கள். தாள் ஈரமாக இருக்க வேண்டும். நீர் தேங்கக் கூடாது. மூன்று நாளில் வேரைச் சுற்றி வெண்பஞ்சு போல ஒன்று தெரியும். பூஞ்சணம் பிடித்துவிட்டது என்று வீசிவிடாதீர்கள், வேர்த்தூவிகளே அவை! கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் படம் எடுங்கள். வேரின் நுனியில் அவை இல்லாததையும், சற்று மேலே அடர்ந்திருப்பதையும் கவனியுங்கள். ஒரு நாற்றை எடுத்து ஒரு நிமிடம் காற்றில் காட்டிப் பாருங்கள், பஞ்சு படிந்து மறைந்துவிடும்.

பிறகு டப்பாவின் நாற்றுகளை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதிக்கு நீர். மறு பாதிக்கு, அரை குவளை நீரில் இரண்டு தேக்கரண்டி உப்புக் கரைத்து ஊற்றுங்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஈரமாகத்தான் இருக்கும். எது சாய்கிறது, ஏன் என்பதை 'நீரழுத்தத் திறன்' என்ற சொல்லைப் பயன்படுத்தி நான்கு வரியில் எழுதுங்கள். எஸ்.பி.எம். தாளில் இதே கேள்வி வேறு வேடத்தில் வரும்.

வீட்டில் செடி வாடியிருந்தால், ஊற்றுவதற்கு முன் விரலை இரண்டாம் கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் ஊற்றலாம். ஈரமாக இருந்தால் வடிகாலைப் பாருங்கள், உரத்தைப் பாருங்கள், வேரைப் பாருங்கள்.

எங்கள் முதல் வரிசையில் பேசின்களை எடுத்துவிட்டு, சேற்றை வடியவிட்டு, நிழலில் வைத்தோம். ஐந்து செடிகள் போய்விட்டன. மூன்றில் தண்டின் அடியிலிருந்து புதிய வெள்ளை வேர்கள் வந்தன. அவை காய்க்க மேலும் ஒரு மாதம் ஆயிற்று. மொத்தத்தில் வந்த பணம் நுண்ணோக்கிக்குப் போதவில்லை. இந்த ஆண்டு மறுபடியும் நட்டிருக்கிறோம். உரம் போடும் பொறுப்பை அந்த மாணவியிடமே கொடுத்திருக்கிறேன், கையில் ஒரு தேக்கரண்டியோடு. பேசின்களைத் துடைப்பம் வைக்கும் அறையில் பூட்டிவிட்டார்கள். சாவி என்னிடம் இல்லை.